பெயரைக் காட்டி ஜாதியைக் காப்பதா?

ஜாதிப் பட்டத்தை நேராக ஆதரித்துப் பேச வெட்கப்படுகிற கனவான்கள் இப்பொழுது ஒரு புது வழி பிடித்திருக்கிறார்கள். அதாவது, "பெயருக்குப் பின்னால் இருந்த பட்டத்தை வெட்டிவிட்டதால் முன்னோர் யாரென்று தேட முடியாமல் போயிற்று, பெயர் வைக்கும் பழைய வழக்கந்தான் குடும்ப சரித்திரத்துக்கு ஆதாரம், அதை அப்படியே காப்பாற்ற வேண்டும்" என்கிறார்கள். இதில் உண்மை எவ்வளவு, புரட்டு எவ்வளவு என்று பார்ப்போம்.

பழைய பெயர்கள் சரித்திரத்துக்கு உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. பாட்டன் பெயரைத் தாங்கும் "பெயரன்"தான் பேரன் ஆனான். தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை வைக்கும் குடும்பங்களில், பேரன் பெயரைக் கொண்டு பாட்டன் பெயரை ஊகிக்கலாம். ஆனால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வருவதால், பத்திரத்தில் இருப்பவன் பாட்டனா பேரனா என்ற குழப்பமும் அந்த வழக்கத்தாலேயே வருகிறது. அன்றியும், மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாதென்று தடுத்ததால், அந்தப் பிள்ளையைக் கூப்பிட வீட்டில் வேறு பெயர் வந்தது. ஏட்டில் ஒன்று, வாயில் ஒன்று!

நிற்க. குப்பன், பிச்சை, மூக்கன் என்ற பெயர்கள் என்ன சொல்லுகின்றன? முன் பிறந்த பிள்ளைகள் செத்த வீட்டில், அடுத்த பிள்ளையையாவது எமன் விட்டுவிடட்டும் என்று குப்பையில் புரட்டியும் மூக்குக் குத்தியும் வைத்த பெயர்கள் இவை. ஒரு பெயரைக் கேட்டு ஏமாறுகிறவன் என்ன தெய்வம்? பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்ததென்று 1980-ல் அறிவிக்க முடிந்தது அம்மை குத்தியதாலா, குப்பன் என்று பெயரிட்டதாலா? "போதும்பொண்ணு" என்ற பெயரோ, பெண் பிறந்ததற்காக வீடு அழுதது என்பதற்குச் சாட்சி.

இன்னும் கேளுங்கள். மனுதர்மம் 2-ம் அத்தியாயம் 31-ம் சுலோகம், பிராமணன் பெயர் மங்களத்தையும், க்ஷத்திரியன் பெயர் பலத்தையும், வைசியன் பெயர் பொருளையும், சூத்திரன் பெயர் இழிவையும் குறிக்க வேண்டுமென்று விதிக்கிறது. இதையா பொக்கிஷமாகக் காப்பாற்றுவது?

பட்டம் இல்லாவிட்டால் வம்சம் தெரியாதாம்! 1860 நவம்பர் 16-ந் தேதி சென்னையிலிருந்து "ட்ரூரோ" கப்பல் நேட்டாலின் டர்பன் துறைமுகம் சேர்ந்தது முதல் 1911 வரை, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம், உடல் அடையாளம் எழுதினார்கள். ஜாதியையும் எழுதினார்கள். இன்று பேரப் பிள்ளைகள் தங்கள் ஆளைக் கண்டுகொள்வது எதனால்? எண்ணாலும், தகப்பன் பெயராலும், ஊராலும். ஜாதி லட்சம் பேருக்குப் பொது. அது எப்படி ஒருவனைக் காட்டும்? பிள்ளை, நாயுடு, கவுண்டர் என்ற பட்டங்களே அங்கே குடும்பப் பெயர்களாகி, ஒன்றுக்கொன்று உறவில்லாத எத்தனையோ குடும்பங்கள் ஒரே பட்டத்தைச் சுமக்கின்றன. பட்டம் வம்சத்தைக் காட்டிய லட்சணம் இதுதான்!

மற்றும், இவர்கள் சொல்லும் வம்சத்தில் பெண் எங்கே? பாட்டனுக்குப் பாட்டன் பெயர் சொல்லுகிறவனைப் பாட்டியின் தாய் பெயரைக் கேட்டால் விழிக்கிறான். பிறப்புச் சான்றில் தாய்க்கும் ஒரு வரி கொடுத்தது சர்க்கார் சட்டமே ஒழிய சாஸ்திரமல்ல.

ஆகவே தோழர்களே! பெயர் ஒரு சாட்சி, சாமி அல்ல. சாட்சி சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பூசை போடாதீர்கள். வீட்டில் கிழவர் கிழவிகள் உயிரோடிருக்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். ஏட்டுப் பெயர், கூப்பிட்ட பெயர், தாய் தகப்பன் இருவர் பெயர், ஊர், வருஷம், செய்த தொழில் எல்லாம் எழுதுங்கள். குப்பன் என்று இருந்தால் குப்பன் என்றே எழுதுங்கள், மறைக்க வேண்டாம். ஆனால் நாளை பிறக்கும் பிள்ளைக்கு அறிவுக்கும் மானத்திற்கும் ஏற்ற பெயரை வையுங்கள்.

1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாடு ஜாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானித்தது. அதன்படி பட்டத்தை விட்டவன் தன் பாட்டனை இழக்கவில்லை. பாட்டன் முதுகில் ஏற்றிய மூட்டையைத்தான் இறக்கி வைத்தான். அதை மறுபடியும் பிள்ளை முதுகில் ஏற்றுவதுதான் சரித்திர ஆராய்ச்சியா என்று கேட்கின்றோம்.