டிக்கெட் விலையும் பிரயாணச் செலவும்: விமான நிறுவனங்களின் உபரிக் கட்டணங்கள் குறித்துப் பிரயாணிகள் சங்கத்தின் நிலைப்பாடு

ஆகாய விமானத்தில் போவது ஜமீன்தார்களுக்கும் மந்திரிகளுக்கும் பெரிய உத்தியோகஸ்தர்களுக்கும் மட்டுமே உரிய ஆடம்பரமாக இருந்த காலம் மலையேறிப்போய், தில்லியில் கொள்முதல்காரரைச் சந்திக்கச் செல்லும் திருப்பூர் பனியன் வியாபாரியும், வேலூர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொள்ளக் கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்திறங்கும் நோயாளியும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திருச்சிக்கு வந்து திரும்பும் வளைகுடாத் தொழிலாளியும் வேறு மார்க்கமின்றி விமானத்தையே நம்பியிருக்கும் இந்நாளில், டிக்கெட் வாங்க உட்காரும்போது முதலில் கண்ணில் படும் தொகைக்கும் பணத்தைக் கட்டி முடிக்கும்போது நிற்கும் தொகைக்கும் இடையே நாளுக்கு நாள் அகன்றுவரும் வித்தியாசத்தைப் பற்றி, எங்கள் பிரயாணிகள் சங்கம் தன் அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றித் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

அதிகப்படியான சேவைக்கு அதிகப்படியான கட்டணம் வாங்குவதை நாங்கள் ஆட்சேபிக்கவில்லை. காலை நீட்டி உட்கார இடம் வேண்டுவோர் அதற்குரிய பணத்தைக் கொடுக்கட்டும். சூடான சாப்பாடு வேண்டுவோரும் கொடுக்கட்டும். எது இல்லாமல் பிரயாணமே நடவாதோ அதைப் பிரித்தெடுத்துத் தனி விலைக்கு விற்பதையும், அந்த விலையை, மனிதர் பின்வாங்க முடியாத கட்டத்துக்கு வந்து சேரும்வரை வெளிக்காட்டாமல் வைத்திருப்பதையுமே ஆட்சேபிக்கிறோம்.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் தாண்டிப் போவது தர்மமாகாது. 1953-இல் சட்டத்தின் மூலம் தேசியமயமாக்கப்பட்ட விமானப் போக்குவரத்து, 1994-இல் அந்தச் சட்டம் ரத்தானதும் தனியாருக்கு முழுமையாகத் திறந்துவிடப்பட்டு, 2003-இல் ஏர் டெக்கான் தோன்றிய பின், இருக்கைக்கு மட்டும் விலை வைத்து மற்றவற்றை வேண்டியவர் வாங்கிக்கொள்ளட்டும் என்று விடும் முறை இந்நாட்டில் வேரூன்றியது. ரயிலில் இரண்டாம் வகுப்பில் போய்க்கொண்டிருந்த லட்சோபலட்சம் பேர் முதன்முதலாக விமானத்தில் கால் வைத்ததற்கு அந்த முறையே காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. இத்தொழிலில் லாபம் கொழிக்கிறது என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019-இலும், கோ ஃபர்ஸ்ட் 2023-இலும் பறப்பதை நிறுத்தின. விமான எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டி வரம்புக்குள் கொண்டுவரப்படாமையால் அந்தந்த மாநிலம் தன் இஷ்டப்படி மதிப்புக் கூட்டு வரி விதிக்கிறது. தமிழ்நாட்டில் அது நெடுங்காலமாக 29 சதவீதம். சாமானியனும் பறக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிற சர்க்கார்கள் தங்கள் பங்குக்கு வரியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துவிட்டுப் பேசினால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு கூடும்.

ஆயினும், நஷ்டக் கணக்கைக் காட்டி எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிட முடியாது. பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்தில் போகலாமே என்று பதில் சொல்வது, உள்நாட்டுப் பிரயாணிகளில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேரை இண்டிகோவும் ஏர் இந்தியா குழுமமுமே ஏற்றிச் செல்லும் இன்றைய நிலையில், மாற்றுக்கு வழியில்லாதவனைப் பார்த்துச் சொல்லும் சமாதானமாகவே முடிகிறது. ஒருவர் புதிதாக ஒரு கட்டணத்தைப் புகுத்தினால் மற்றவரும் சில மாதங்களில் அதையே பின்பற்றுகிறார் என்பது அனுபவம்.

டிக்கெட் வாங்கிய பிரயாணி வீட்டிலிருந்தே செக்-இன் செய்ய முற்படும்போது அவர் முன் இருக்கைகளின் வரைபடம் ஒன்று விரிகிறது. ஜன்னலோரத்துக்கு ஒரு விலை, நடைபாதை ஓரத்துக்கு ஒரு விலை, இரண்டுக்கும் நடுவே இரு பக்கமும் முழங்கை இடிபடும் இருக்கைக்கும் ஒரு விலை. விலையில்லாத இருக்கை என்று ஏதேனும் தென்பட்டால் அது கடைசி வரிசையில் கழிப்பறைக்கு அருகே இருக்கும். ஒன்றையும் தேர்ந்தெடுக்காமல் மேலே செல்லும் வழியோ, தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சிறிய எழுத்தில் ஒரு மூலையில் கிடக்கிறது. டிக்கெட் வாங்கியபோதே ஓர் இருக்கைக்கு விலை கொடுத்தாயிற்று, தாம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டாலும் நிறுவனம் ஏதேனும் ஓர் இருக்கையை ஒதுக்கியே தீர வேண்டும் என்பதை அறியாத வயோதிகர்களும் முதன்முறை பறப்பவர்களும், இடமில்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில் சில நூறு ரூபாயைக் கொடுத்துவிடுகிறார்கள். பயத்தின் பேரில் வாங்கிய பணத்தை விருப்பச் சேவையின் வருமானமாகக் கணக்கெழுதுவது எங்களுக்குச் சம்மதமில்லை. தாயை ஒரு வரிசையிலும் குழந்தையை வேறொரு வரிசையிலும் உட்கார வைத்து, சேர்ந்து உட்காரப் பணம் கேட்ட விபரீதமும் நடந்ததனாலேதான், ஒரே டிக்கெட்டில் வரும் 12 வயது வரையிலான குழந்தைக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவரின் பக்கத்திலேயே இடம் தர வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் உத்தரவு போட நேர்ந்தது. அதற்கு முன், 2022-இல், விமான நிலையக் கவுண்டரில் போர்டிங் பாஸ் அச்சடித்துத் தருவதற்குக் காசு கேட்கக் கூடாது என்று அமைச்சகமே சொல்ல வேண்டியிருந்தது. சொல்லித் தெரிய வேண்டிய விஷயங்களா இவை!

இணையம் வழியாகப் பணம் செலுத்துவதற்கென்று வாங்கப்படும் சௌகரியக் கட்டணம் இவ்வகையிலேயே மிகவும் அநியாயமானது என்பது எங்கள் தீர்மானமான அபிப்பிராயம். தந்தையும் தாயும் இரு பிள்ளைகளும் போய்வர ஒரே கட்டளையில் ஒரே தடவை பணம் செலுத்தும் குடும்பத்தினிடம், தலைக்கு இவ்வளவு, போக ஒன்று, வர ஒன்று என்று எட்டுத் தடவை அக்கட்டணம் வாங்கப்படுகிறது. டிக்கெட்டை ரத்து செய்தாலும் அது திரும்புவதில்லை. வங்கிக்குக் கொடுக்கும் செலவை ஈடுகட்டத்தான் என்றால் வங்கி பார்த்த வேலை ஒன்றுதானே? இதே வேலைக்கு ரயில்வே, டிக்கெட்டில் எத்தனை பேர் இருந்தாலும், சாதாரண வகுப்புக்கு 15 ரூபாயும் ஏசி வகுப்புக்கு 30 ரூபாயும், அவற்றின் மீது வரியுமாக, டிக்கெட் ஒன்றுக்கு ஒரு முறைதான் வாங்குகிறது. நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்கினாலும் இக்கட்டணத்திலிருந்து பெரும்பாலும் தப்ப வழியில்லாதபோது, அதை டிக்கெட் விலையிலேயே சேர்த்து முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

லக்கேஜ் விஷயத்துக்கு வருவோம். சிங்கப்பூர், துபாய் விமானங்கள் புறப்படும் வேளையில் திருச்சி விமான நிலையக் கவுண்டர்களுக்கு எதிரே சற்று நின்று பார்ப்பவர், நைலான் கயிற்றால் நெருக்கிக் கட்டி மார்க்கர் பேனாவால் பெயரும் ஊரும் எழுதிய அட்டைப்பெட்டிகளைத் தரையில் வைத்து அவிழ்த்துக்கொண்டிருக்கும் மனிதர்களைக் காணாமல் திரும்ப மாட்டார். தராசு இரண்டு கிலோ அதிகம் காட்டியிருக்கும். மனைவி இடித்துக் கொடுத்த மசாலாத் தூள், முறுக்கு டின், ஊறுகாய் பாட்டில், உடன் வேலை செய்யும் நண்பனின் வீட்டார் கொடுத்தனுப்பிய பொட்டலம் ஆகிய இவற்றில் எதை விடுவது என்று சபை நடுவே யோசித்து, ஒரு சட்டையின் மேல் இன்னொரு சட்டையை மாட்டிக்கொண்டு, அப்படியும் முள் இறங்காமற்போக, கண்ணாடிக் கதவுக்கு வெளியே கண்ணீருடன் நிற்கும் குடும்பத்தாரை டெலிபோனில் வாசலுக்கு அழைத்து, காவலுக்கு நிற்பவரிடம் மன்றாடி, எடுத்துப்போட்ட சாமானை அவர்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் மறுபடி நிற்கும் அந்த மனிதர், கிலோக் கணக்கு இன்னதென்று முன்பே அறிந்தவர்தான். வீட்டில் நிறுத்துப் பார்க்கத் தராசு இல்லை, வாசலில் நிறுத்துப் பார்க்கவும் தராசு இல்லை, பணம் கேட்கும் இடத்தில் மட்டுமே தராசு இருக்கிறது. எடைக்கு எரிபொருள் செலவாகும் என்பது வாஸ்தவம். அதற்கு ஒரு கட்டணம் இருப்பதும் முறைதான். ஆனால் செலவுக்கும் கட்டணத்துக்கும் ஏதேனும் சம்பந்தம் இருக்க வேண்டாமா? உள்நாட்டு விமானங்களில் 15 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரை கொண்டுவரப்படும் சாமானுக்குக் கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016-இல் இயக்குநரகம் வரம்பு கட்டியது; 2017-இல் தில்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது; இன்று விமான நிலையத்தில் அதே கிலோவுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கேட்கப்படுகிறது. கடைசி நேரத்தில் பேரம் பேசவோ திரும்பிப் போகவோ இயலாத மனிதரிடம் நிர்ணயிக்கப்படும் விலைக்குச் சந்தை விலை என்ற கௌரவம் தகாது.

டிக்கெட்டை ரத்து செய்வது பற்றிய விதிகள் ஏட்டளவில் அத்தனை மோசமில்லை. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு மேல் போகக் கூடாது என்றும், டிக்கெட்டை ரத்து செய்தாலும் பிரயாணி வராமலே போனாலும் விமான நிலைய உபயோகிப்பாளர் கட்டணம் முதலியவற்றையும் சட்டப்படியான வரிகளையும் திருப்பித் தர வேண்டும் என்றும், பணமாகத் தருவதா, பிற்காலப் பிரயாணத்துக்கு வரவு வைப்பதா என்பது பிரயாணியின் விருப்பமே என்றும் 2016-இல் திருத்தப்பட்ட விதிகள் சொல்லின. கொரோனா ஊரடங்கின்போது வாங்கிய டிக்கெட்டுகளுக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்க 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. ஆனால் அடிப்படைக் கட்டணம் முழுவதையுமே விழுங்கும்படி ரத்துக் கட்டணத்தை வைத்துவிட்டால் மேற்படி வரம்பினால் யாருக்கு என்ன லாபம்? விமான நிலையத்தின் வாசற்படியையே மிதியாதவரிடம் வாங்கிய உபயோகிப்பாளர் கட்டணத்தையும், அவர் எழுதிக் கேட்டால்தான் தருவோம் என்று வைத்துக்கொண்டால், கேட்கத் தெரியாதவரின் பணம் யாருடைய பெட்டியில் தங்குகிறது?

நிறுவனமே விமானத்தை ரத்து செய்யும்போது தராசின் மறுதட்டு தெரிகிறது. இரண்டு வாரம் முன்பே தெரிவித்துவிட்டால் நஷ்டஈடு என்ற பேச்சில்லை. முறையாக அறிவிக்காமல் ரத்து செய்தால் பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது அதிகபட்சமாக 10,000 ரூபாய், அதுவும் பிரயாணி கொடுத்த கட்டணம் அதைவிடக் குறைவானால் அக்கட்டணத்தின் அளவே. ஐரோப்பாவில் 2004-ஆம் வருஷத்துச் சட்டம் இதே தவற்றுக்குத் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை, டிக்கெட் எவ்வளவு மலிவாக வாங்கப்பட்டிருந்தாலும், வசூலித்துத் தருகிறது. 2025 டிசம்பரில், விமானிகளின் வேலை நேரம் பற்றிய புதிய விதிகளுக்குத் தக்க ஏற்பாடு செய்துகொள்ளாத காரணத்தால் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, மற்ற விமானங்களின் கட்டணம் தாறுமாறாக ஏறியபோது, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500-க்கு மேற்பட்ட தூரத்துக்கு 18,000 ரூபாய் என்று அரசாங்கம் உச்சவரம்பு விதித்தது. மனம் வைத்தால் ஒரே நாளில் தலையிட முடியும் என்பது அன்று ருசுவாயிற்று.

ஆகவே எங்கள் சங்கம் கோருவது இது: டிக்கெட்டின் விலையாக முதல் திரையில் காட்டப்படும் தொகை, வரியும் சௌகரியக் கட்டணமும் தவிர்க்க முடியாத பிற கட்டணங்களும் அடங்கிய முழுத் தொகையாகவே இருக்க வேண்டும்; ஐரோப்பாவில் 2008 முதல் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. செக்-இன் செய்யும் திரையில், பணமின்றி இருக்கை பெறும் வழி, பணம் கொடுத்துப் பெறும் வழிக்குச் சமமான எழுத்தில், அதற்கு முன்னதாகவே இருக்க வேண்டும். விமான நிலையம் ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் முத்திரையிட்ட தராசு ஒன்று எவரும் இலவசமாக உபயோகிக்கும்படி வைக்கப்பட வேண்டும். திரும்ப வேண்டிய வரிகளும் கட்டணங்களும், விமானம் புறப்பட்ட உடனே, யாரும் கேட்காமலே, பணம் வந்த கணக்குக்கே போய்ச் சேர வேண்டும். நிறுவனம் தரும் நஷ்டஈடு பிரயாணி இழக்கும் ரத்துக் கட்டணத்தைவிட எக்காலத்திலும் குறையக் கூடாது. 1934-ஆம் வருஷத்து விமானச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது; கட்டணங்களுக்கு வரம்பு கட்ட இயக்குநரகத்துக்கு இருக்கும் அதிகாரத்தில் ஐயமிருந்தால் அதைத் தெளிவாக எழுதிக் கொடுப்பது பார்லிமெண்டின் பொறுப்பு.

பண்டிகைக் காலத்தில் டிக்கெட் விலை ஏறுவது பற்றி இவ்வறிக்கை பேசவில்லை; அது தனியாக ஆராய வேண்டிய விஷயம்.

அங்கத்தினர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். போகாமல் விட்ட பிரயாணத்தின் டிக்கெட் எவரிடமேனும் இருந்தால், அதில் தனித்தனியே குறித்திருக்கும் உபயோகிப்பாளர் கட்டணத்தையும் வரிகளையும் திருப்பிக் கேட்டு நிறுவனத்துக்கு இன்றே எழுதுங்கள். பதில் வராவிட்டால் அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலோ 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலோ புகாரைப் பதிவு செய்து, அதன் நகல் ஒன்றைச் சங்கத்துக்கும் அனுப்பி வையுங்கள்.