தர்மம் யாருக்கு வேண்டும்? பாக்கியை எடுத்து வை!

தோழர்களே! எண்ணெய்க் கம்பெனி முதலாளிகள் ஒரு மந்திரம் ஜபிக்கிறார்கள். "சமூகப் பொறுப்பு" என்று அதற்குப் பெயர். எண்ணெய் எடுக்கும் ஊரிலே ஒரு பள்ளிக்கூடம், ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிடம், நாலு தண்ணீர்க் குழாய். திறப்பு விழாவுக்கு ஒரு துரை, படம் பிடிக்க ஓர் ஆள்! போனசை விழுங்கிவிட்டுப் பொங்கலுக்கு வேட்டி கொடுக்கும் மில் முதலாளியைத் தெரிந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

இதன் மகிமையை நைஜீரியாவில், நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் பார்க்க வேண்டும். 1956-இல் ஒலோய்பிரி கிராமத்தில் ஷெல்-பி.பி. கம்பெனி எண்ணெய் கண்டது. 1958 முதல் கப்பல் கப்பலாக ஏற்றுமதி. ஊராருக்குக் கிடைத்தது என்ன? 1990-இல் உமுவெச்செம் ஜனங்கள் தண்ணீர், மின்சாரம், நஷ்டஈடு கேட்டுத் திரண்டார்கள். கம்பெனி போலீசை அழைத்தது. சுமார் 80 பேர் பிணமானார்கள். 495 வீடுகள் நாசமாயின. 1995 நவம்பர் 10-இல் ஒகோனி மக்களின் தலைவர் கென் சரோ-விவாவையும் எட்டுத் தோழர்களையும் ராணுவ ஆட்சி தூக்கிலிட்டது.

உலகமே காறித் துப்பியது. அதன் பிறகல்லவா பொறுப்பு பொத்துக்கொண்டு வந்தது! 2006 முதல் கிராமங்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து ஷெல் ஒப்பந்தம் போட்டது. கமிட்டி வழியாகப் பணம். இதற்குத் "தகராறு நிர்வாகம்" என்று பெயர். தகராறு எங்கே போயிற்று? கம்பெனி வாசலில் நின்ற தகராறு, கமிட்டியில் யார் உட்காருவது என்று ஊருக்குள்ளே வந்துவிட்டது. கம்பெனிக்கு வேண்டியதும் அதுதானே!

போடோ ஊரின் கதையைக் கேளுங்கள். 2008-இல் ஷெல் குழாய் இரண்டு முறை உடைந்தது. மீனும் நண்டும் வாழ்ந்த உப்பங்கழி கருந்தாராக மாறியது. வலைக்கு வேலை இல்லை. எண்ணெய்த் திருடர்கள், நாசகாரர்கள் என்பதுதான் வழக்கமான சாக்கு. ஆனால் இந்த இரண்டுக்கும் தானே பொறுப்பு என்று கம்பெனியே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சரி, முதலில் கொடுக்க வந்தது எவ்வளவு? ஊர் முழுவதற்கும் சேர்த்து 4,000 பவுண்டு!

மீனவர்களும் விவசாயிகளும் அதை வாங்கிக்கொண்டு கும்பிடு போடவில்லை. 15,600 பேர் ஒன்றாக நின்று லண்டன் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். விசாரணைக்கு முன்பே, 2015 ஜனவரியில், அதே கம்பெனி 5 கோடியே 50 லட்சம் பவுண்டு எடுத்து வைத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 13,750 மடங்கு! கமிட்டிக்கும் திறப்பு விழாவுக்கும் பணம் எதிலிருந்து வந்தது என்று இனியும் கேட்க வேண்டுமா?

பக்கத்து நிசிசியோக்கென் ஒகாலேயில் ஜனங்கள் குடித்த கிணற்று நீரில் பென்சீன் விஷம் அனுமதித்த அளவைப்போல் 900 மடங்குக்கு மேல் என்று 2011-இல் ஐ.நா. ஆய்வு சொன்னது. ஒகோனி நிலத்தைச் சுத்தம் செய்ய 25 முதல் 30 ஆண்டு ஆகலாம் என்றும் சொன்னது. 2025 மார்ச்சில் ஷெல் தன் தரைப்பகுதி எண்ணெய்த் தொழிலை வேறொரு கூட்டுக் கம்பெனிக்கு விற்றுவிட்டது.

அதே 2025 ஜூனில், தூக்கில் தொங்கிய ஒன்பது பேருக்கும் நைஜீரிய ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். மன்னிப்பாம்! யார் யாரை மன்னிப்பது?