ஜெபம் செய்யுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

மும்பையில் பிழைக்க வந்த நம்மவர் வீட்டில் ஒருவருக்குப் பெரிய வியாதி வந்தால்தான், ஊர் எவ்வளவு தூரம் என்பது தெரியும். அம்மா இல்லை, அக்காள் இல்லை, கஞ்சி வைத்துக் கொடுக்க மதினி இல்லை. ஒற்றை அறையில் மனைவிக்குக் கணவன், கணவனுக்கு மனைவி. அவ்வளவுதான்.

என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது எனக்கும் அதே நிலைதான். நான் ஒரு குமாஸ்தா. காலையில் சமைத்து, மருந்து கொடுத்து, மின்சார ரெயிலைப் பிடித்து அலுவலகம் போவேன். சிகிச்சை நாட்களில் பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனையில் இருவரும் வரிசையில் நிற்போம். 1941-ல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரிக்கு நாடு முழுவதிலும் இருந்து நோயாளிகள் வருகிறார்கள். தங்க இடமின்றி நடைபாதையில் படுத்திருப்பவர்களைப் பார்த்து, நமக்கு ஓர் அறையாவது இருக்கிறதே என்று கர்த்தருக்கு நன்றி சொல்வோம்.

அந்த நாட்களில் என்னை நிற்க வைத்தது ஜெபம்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. நள்ளிரவில் அவள் வலியால் முனகும்போது, கையைப் பிடித்துக்கொண்டு சங்கீதம் வாசிப்பேன். வலி போகாது. ஆனால் விடியும் வரை இருவரும் தாங்கிக்கொள்வோம்.

தலையணைக்கு அடியில்...

ஆனால், ஜெபத்தின் பெயரால் நடக்கும் ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும்.

ஜெபம் செய்ய வீட்டுக்கு வந்த ஒருவர், "சகோதரி, விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் தலையணைக்கு அடியில் மாத்திரைகளைக் கண்டேன். "மருந்து சாப்பிட்டால், நான் நம்பவில்லை என்று ஆண்டவர் நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருந்ததுங்க" என்றாள்.

நோயைச் சுமப்பவள் தலையில் குற்றத்தையும் ஏற்றி வைப்பது எந்த வேதத்தில் இருக்கிறது?

வியாதிக்காரருக்காகச் சபை மூப்பர்கள் ஜெபிக்க வேண்டும் என்று யாக்கோபு எழுதினார். உண்மை. ஆனால் பவுலின் பிரியத்துக்குரிய லூக்கா ஒரு வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குச் சிறிது திராட்சரசம் சாப்பிடச் சொன்னவரும் பவுல்தான். தம் சரீரத்தில் இருந்த முள் நீங்க அவர் மூன்று முறை வேண்டினார், நீங்கவில்லை. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

1900-ல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். அதுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ஜெபம் மட்டும் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை.

இன்னொன்று. புற்றுநோய்க்கு 'கீமோ' மருந்து ஏற்றும் காலத்தில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும் என்றோ, உபவாச ஜெபம் முடியட்டும் என்றோ காத்திருக்கக் கூடாது. டாக்சியில் உட்கார்ந்தும் ஜெபிக்கலாம்.

சபையாருக்கு வேண்டுகோள்

ஜெபிக்க வாருங்கள். வரும்போது தூக்குச்சட்டியில் கொஞ்சம் ரசஞ்சோறும் கொண்டு வாருங்கள். ஓர் இரவாவது நோயாளி அருகில் நீங்கள் இருந்து, கூட இருப்பவரைத் தூங்க விடுங்கள். ரத்தம் கொடுக்க இரண்டு இளைஞர்களை அழைத்து வாருங்கள்.

சிகிச்சைக்குப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும், துணைக்குச் செல்லும் ஒருவருக்கும் ரெயில் கட்டணச் சலுகை உண்டு. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளியின் மனைவிக்கும் சிகிச்சை உண்டு. இது தெரியாத தொழிலாளர்கள் எத்தனையோ பேர். நம்மில் குமாஸ்தாக்களுக்கா பஞ்சம்? படிவம் நிரப்பிக் கொடுப்பதும் ஓர் ஊழியம்தான்.

எங்கள் பக்கத்து வீட்டு மராத்திய அம்மாள் எந்த உபதேசமும் செய்யவில்லை. நான் அலுவலகம் கிளம்பியதும் வந்து, என் மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்வார். அவருக்குத் தமிழ் தெரியாது. இவளுக்கு மராத்தி தெரியாது. நல்ல சமாரியன் கதை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இரண்டு ஆண்டு சிகிச்சைக்குப் பிறகு, 2018-ல் என் மனைவி காலமானாள். "விசுவாசம் போதவில்லை" என்று அன்றும் ஒருவர் முணுமுணுத்தார்.

இல்லை ஐயா. நோயிலும் கைவிடமாட்டேன் என்று ஆலயத்தில் வாக்குக் கொடுத்து அவளைக் கைப்பிடித்தேன். கடைசி நாள் வரை அந்த வாக்கைக் காப்பாற்ற எனக்குப் பலம் கிடைத்தது. என் ஜெபத்துக்கு வந்த பதில் அதுதான்.

நோயாளியின் விசுவாசத்தை அளந்து பார்க்காதீர்கள். மாத்திரை சாப்பிட்டாயா அம்மா என்று கேளுங்கள். பிறகு முழங்கால்படியிட்டு ஜெபியுங்கள்.