அபராதத்துக்கு மேல் கொசுறு

திருநின்றவூர் என்றதும் மனத்திலேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரை நினைப்பவர் உண்டு; பக்தவத்ஸலப் பெருமாளை நினைப்பவர் உண்டு. இவ்வூரில் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவரைக் கேளுங்கள். திருவள்ளூர் நெடுஞ்சாலையில் எந்தத் திருப்பத்தில், எந்த நேரத்தில் போலீஸார் நிற்பார்கள் என்பதைத்தான் முதலில் சொல்லுவார்.

போலீஸார் நிற்கவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஒரே ஸ்கூட்டரில் மூவராய் அமர்ந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கிற வாத்தியார் அப்படிச் சொல்ல முடியாது. தலைக்கவசம் இல்லையா, அபராதம் போடட்டும். 2022 அக்டோபரிலிருந்து நம் ராஜ்யத்தில் அதற்கு ரூ. 1,000 என்று ஏற்பட்டிருக்கிறது. என் மனக்குறையெல்லாம் அந்த ஆயிரத்துக்கு மேல் கொசுறாகக் கிடைப்பதைப் பற்றியது.

மோட்டார் காரின் கண்ணாடி இறங்கியதும் "ஸார்" என்று பிறக்கும் சொல், ஆட்டோவின் அருகே வந்ததும் "டேய்" ஆகிவிடுகிறது. முன்னிலை ஒருமையும் மரியாதைப் பன்மையும் எங்கே வரும் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறேன். சாலையிலோ சூத்திரம் வேறு. வண்டியின் விலையைப் பார்த்து விகுதி மாறுகிறது.

சட்டப் புத்தகம் அவ்வளவு கொடுமையானதன்று. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-வது பிரிவின்படி, உடுப்பணிந்த போலீஸ் உத்தியோகஸ்தர் கேட்டால் லைசென்ஸைக் காட்டியே தீரவேண்டும். "உடுப்பணிந்த" என்ற சொல்லைக் கவனியுங்கள். காகிதம் வீட்டில் இருந்தால் பாதகமில்லை. 2018-ல் திருத்திய விதிப்படி, சர்க்காரின் டிஜிலாக்கர் மூலம் கைபேசியில் காட்டினாலும் செல்லும். லைசென்ஸைப் பறிமுதல் செய்ய 206-வது பிரிவு இடம் கொடுக்கிறது. 2019-ம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு தலைக்கவசக் குற்றத்துக்குக்கூட அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்தவர் அத்தாட்சிச் சீட்டுக் கொடுத்தாக வேண்டும். வண்டியையே பிடித்து வைக்க வேண்டுமானால், லைசென்ஸ் இல்லாமை, பதிவு இல்லாமை, பெர்மிட் இல்லாமை போன்ற காரணங்களை 207-வது பிரிவு வரையறுத்திருக்கிறது. கையை நுழைத்துச் சாவியைப் பிடுங்குவதற்கு நான் தேடியமட்டில் ஒரு பிரிவும் அகப்படவில்லை. கன்னத்தில் அறைவதற்கும் அகப்படவில்லை. சட்டத்தை நடத்திவைக்கும் அதிகாரியே இச்சட்டப்படி குற்றம் செய்தால் அபராதம் இரட்டிப்பு என்று 210-பி பிரிவு மட்டும் அகப்பட்டது. அப்படிக் கட்டிய ரசீதைக் கண்ணால் கண்ட நேயர்கள் எனக்கு எழுதலாம்.

வேடிக்கையோடு நிற்கும் விஷயமாயிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 2018 ஜனவரியில் சென்னைத் தரமணி அருகே, இருக்கைப் பட்டை அணியாததற்காக வாடகைக் கார் டிரைவர் ஒருவரைப் போலீஸார் நிறுத்தினார்கள். தம்மை ஏசி அடித்ததாகச் சொல்லி அந்த இளைஞர் தீக்குளித்தார்; பின்னர் இறந்தும் போனார். அதே வருஷம் மார்ச்சு 7-ந் தேதி, திருச்சியை அடுத்த திருவெறும்பூர்ப் பக்கம், தலைக்கவசமின்றி மனைவியுடன் சென்ற ஒருவரைப் போக்குவரத்து இன்ஸ்பெக்டர் துரத்திப் போய் மோட்டார் சைக்கிளை உதைத்ததாகப் புகார். வண்டி சாய்ந்து, பின்னால் அமர்ந்திருந்த அம்மாள் மாண்டார். ஜனங்கள் திரண்டு சாலையை மறித்தார்கள், இன்ஸ்பெக்டர் கைதானார். தலைக்கவசம் இல்லாமைக்கும் பட்டை அணியாமைக்கும் முதல் தடவைக்கு அன்றைய சட்டம் விதித்திருந்த அபராதம் அதிகம் போனால் ரூ. 100.

போலீஸார் மீதுள்ள புகார்களை விசாரிக்கச் சுயேச்சையான சபைகள் வேண்டுமென்று 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. நம் ராஜ்யத்தின் 2013-ம் வருஷச் சட்டம் அந்தச் சபைக்குத் தலைவராக ஓய்வுபெற்ற நீதிபதியை வைக்கவில்லை. உள்துறைச் செயலாளரையே உட்கார வைத்தது. மாமியாரைப் பற்றிய புகாரை மாமனாரிடம் சொல்வது போலத்தான். ஆயினும் சொல்லாமல் இருப்பதைவிடச் சொல்வது மேல். 1997-ல் ஏற்பட்ட மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து ஆவடியில் ஒரு போலீஸ் கமிஷனரும் இருக்கிறார். அங்கேயும் மனுக் கொடுக்கலாம்.

ஆட்டோக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாலையில் வாதாட வேண்டாம். காகிதத்தைக் காட்டுங்கள், அபராதம் உண்டானால் ரசீது கேளுங்கள், மார்பில் உள்ள பெயரைப் படித்துக்கொள்ளுங்கள். கைது செய்யும் போலீஸார் பெயர் தெரியும்படி சின்னம் அணிய வேண்டும் என்று 1996-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. பிறகு தேதி, நேரம், இடம் எல்லாவற்றையும் மனுவில் எழுதுங்கள்.

மனு எழுதுகையில் பலரும் ஓரிடத்தில் தயங்குகிறார்கள். "தகாத வார்த்தைகளால் ஏசினார்" என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். அந்த வார்த்தைகளைத் தாளில் எழுத அவர்களுக்குக் கூச்சம். விசாரிக்கிறவருக்கு வேண்டியதோ அவையேதான். ஒன்று விடாமல் எழுத வேண்டும். எழுத வராதவர்கள் சாயந்தரம் வாத்தியார் வீட்டுக்கு வரலாம். வசவுகளை நான் திருத்த மாட்டேன். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுப்பேன்.