அரிய நோய் என்ற சாக்கு

எங்கோ ஒரு குழந்தைக்கு வரும் நோய்க்காகப் பிறக்கிற பிள்ளை ஒவ்வொன்றின் குதிகாலிலும் ஊசி குத்தி ரத்தச் சோதனை செய்வானேன்? படித்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள். ‘எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லையே’ என்பது இதற்குத் துணைவாதம். இச்சோதனை தேடும் வளர்சிதை மாற்றக் குறைபாடுகளில் பெரும்பாலானவை தாய், தகப்பன் இருவரிடமும் வெளித்தெரியாமல் இருக்கும் மரபணுவால் வருபவை. சுமப்பவர்கள் நலமாகவே இருப்பார்கள். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் பெண் கொடுத்து எடுக்கும் நாம் பரம்பரையைச் சாட்சிக்கு அழைக்கவே கூடாது.

‘இதற்கெல்லாம் செலவு செய்ய முடியுமா’ என்ற வாதத்துக்குச் சிங்கப்பூரின் சரித்திரமே பதில். 1965இல், ஜூரோங் சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை எழுப்பிய அமைச்சர் கோ கெங் சுவீயைப் பலர் ஏளனம் செய்துகொண்டிருந்தார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் வேறு. அத்தகைய நெருக்கடிக்கு நடுவே, அந்த ஆண்டில்தான் பிறக்கும் குழந்தைகள் அனைவரின் தொப்புள்கொடி ரத்தத்திலும் ஜி6பிடி நொதிக் குறைபாட்டைத் தேடத் தொடங்கினார்கள். பச்சிளங்குழந்தைகளின் கடும் மஞ்சள் காமாலைக்கு இக்குறைபாடு ஒரு முக்கியக் காரணம் என்பதை வோங் ஹொக் பூன் போன்ற மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். அந்துருண்டை போட்டு வைத்த பழைய சட்டையை மாட்டிவிட்டாலே இக்குழந்தைகளின் சிவப்பணுக்கள் உடையலாம். அப்படி உடைவதால் சேரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி மூளையில் படிந்தால் செவித்திறனும் கைகால் இயக்கமும் போய்விடும். முன்கூட்டியே தெரிந்தால் நீல ஒளியில் கிடத்தித் தடுத்துவிடலாம். அந்த மூளைப் பாதிப்பு இங்கே ஏறக்குறைய மறைந்தே போனது. 1990 முதல் நாடு முழுவதும் தேடப்படும் பிறவித் தைராய்டு குறைபாடோ சில ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் வருகிறது. மருந்து மலிவான மாத்திரை. ஆனால் முதல் சில வாரங்களைத் தவறவிட்டால் இழந்த அறிவு வளர்ச்சியை எந்தப் பணத்தாலும் மீட்க முடியாது. நோய் எத்தனை பேருக்கு வருகிறது என்பதைவிட, தடுக்க வழி உண்டா, அவகாசம் எவ்வளவு என்பதே முதல் கேள்வி.

‘வேண்டுபவர்கள் காசு கட்டிச் செய்துகொள்ளட்டும்’ என்பாரும் உண்டு. 2006இல் இங்கு வந்த விரிவான சோதனையில், காய்ந்த ரத்தத் துளியிலிருந்தே பல அரிய நோய்களை ஒருசேரத் தேடுகிறார்கள். செலவின் பெரும்பகுதி கருவிக்கும் ஆட்களுக்கும்தான். சோதிக்கும் குழந்தைகள் குறைந்தால் தலைக்கு விலை ஏறும். விலகிக்கொள்பவர்களோ விவரம் எட்டாத ஏழைப் பெற்றோராகவே இருப்பார்கள். அதற்காக எதையும் சோதிக்கலாம் என்பதில்லை. நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் புற்றுநோய்க்கு ஜப்பான் நாடெங்கும் நடத்திய சோதனை, தானே கரையும் கட்டிகளுக்கும் சிகிச்சையை வரவழைத்தது; 2000களின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டார்கள். தவறான எச்சரிக்கைகளும் வரத்தான் செய்யும். மறுசோதனைக்கு அழைக்கும் தாதி பெற்றோருக்குப் புரியும் மொழியில், அவசரப்படாமல் விளக்குவதற்கு ஆகும் செலவையும் திட்டச் செலவில் சேர்த்தே சுகாதார அமைச்சு கணக்கிட வேண்டும்.