வாரிக் கொடுத்தது மேலே, வெட்டு விழுந்தது கீழே!

பர்சனல் கம்ப்யூட்டருக்குக் கிராக்கி ஏறுமா, இறங்குமா? மூன்று மாதத்துக்கு ஒரு முறை கம்பெனிகள் கணக்கை வெளியிடும்போதெல்லாம் நியூயார்க் பங்கு மார்க்கெட்டில் இந்த வாதம் காரசாரமாக நடக்கிறது. ஒரு சாரார் “சரிவு முடிந்தது, வாங்கு” என்கிறார்கள். மறு சாரார் “இன்னும் சரியும், விற்றுவிடு” என்கிறார்கள். இரு சாராரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. சரிவின் சுமை யார் தலையில் விழுந்தது?

2020-ல் பெருந்தொற்று வந்தது. பள்ளிக்கூடமும் ஆபீசும் வீட்டுக்குள் புகுந்தன. ஜனங்கள் அவசர அவசரமாகக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். 2021-ல் உலகெங்கும் ஏறத்தாழ 34 கோடி கம்ப்யூட்டர்கள் விற்பனைக்குச் சென்றன. வாங்கியவர் மறு வருஷமே இன்னொன்று வாங்குவாரா? 2023-ல் அது 26 கோடிக்கும் கீழே இறங்கியது. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் கணக்கு இது. நிர்வாகிகளுக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

ஹெச்.பி. கம்பெனியைப் பாருங்கள். 2022 நவம்பர் 22-ந் தேதி வருஷக் கணக்கை வெளியிட்டது. அந்த ஒரு வருஷத்தில் டிவிடெண்டாகவும், தன் பங்கைத் தானே திரும்ப வாங்கியும், பங்குதாரர்களுக்கு 500 கோடி டாலருக்கு மேல் வாரிக் கொடுத்திருந்தது. அதே நாளில், அதே வாயால், 4,000 முதல் 6,000 பேர் வரை ஆட்குறைப்பு என்றும் அறிவித்தது! ஆட்குறைப்பு உள்ளிட்ட சிக்கனத் திட்டத்தால் மிச்சமாகும் என்று அது சொன்ன தொகை வருஷத்துக்கு 140 கோடி டாலர். பங்குதாரர்களுக்குப் போனதோ அதைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகம்.

2023 பிப்ரவரியில் டெல் கம்பெனி சுமார் 6,650 பேருக்குச் சீட்டுக் கிழிப்பதாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் இன்டெல் சொன்ன எண்ணிக்கை சுமார் 15,000.

“வியாபாரம் படுத்தால் கம்பெனி என்னதான் செய்யும்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விளைந்த வருஷத்தில் விதைநெல் எடுத்து வைப்பவன் விவசாயி. அந்தப் புத்தி கம்பெனிக்கு வேண்டாமா? ஜெர்மனியில் மந்த காலத்தில் ஆளை நீக்காமல் வேலை நேரத்தைக் குறைக்கச் சட்டமே இருக்கிறது. இழந்த கூலியில் ஒரு பகுதியைச் சர்க்கார் ஈடுகட்டுகிறது. 2020 ஏப்ரலில் சுமார் 60 லட்சம் பேர் அப்படி வேலையில் நீடித்தார்கள். ஆகவே வழி இல்லாமல் இல்லை, மனம்தான் இல்லை.

கிராக்கி ஏறும், இறங்கும். ஏறும்போது வந்த பணத்தைப் பங்கிடும் இடத்தில் உழைத்தவனுக்கும் குரல் வேண்டும். அந்தக் குரலைச் சங்கம்தான் தர முடியும். இல்லையேல் லாபம் அவர்களுக்கு, நஷ்டம் நமக்கு என்ற கதை ஒவ்வொரு சரிவிலும் தொடரும்.