சுட்ட மண் மண்ணாகாது

மண்ணில் செய்தது மண்ணோடு போய்விடும் என்று சொல்லித்தான் விருத்தாசலத்து அகல் விளக்குகளையும் செராமிக் பொம்மைகளையும் இப்போது விற்கிறார்கள், வாங்குகிறார்கள். பிளாஸ்டிக்கை ஒழிக்கப் புறப்பட்ட நல்லவர்கள் வாயிலும் இதே பேச்சு. பொய்.

கீழடிக்குப் போய்ப் பாருங்கள். 2,000 ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த பானை ஓடு இன்னும் பானை ஓடாகவே இருக்கிறது. அதில் கீறிய எழுத்தைக்கூட வாசிக்க முடிகிறது. அதுவும் குறைந்த சூட்டில் வெந்தது. 1,200 டிகிரியில் வெந்த பீங்கான் எந்தக் காலத்தில் கரையப்போகிறது? பிள்ளையார் சதுர்த்திக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 'சுடாத களிமண்' என்று அழுத்திச் சொல்வது சும்மா இல்லை.

சூளைக்குள் நடப்பது இதுதான். வெள்ளைக் களிமண்ணில் இருக்கும் கயோலினைட், தன் எடையில் ஏறக்குறைய 14 சதவீதத்தை நீராகத் தனக்குள் கட்டிவைத்திருக்கிறது. 500, 600 டிகிரியில் அந்தக் கட்டு அவிழ்ந்து நீர் வெளியேறும். 1,000 டிகிரிக்கு மேலே போனால் முல்லைட் என்ற வேறொரு கனிமம் உருவாகும். கலவையில் சேர்த்த ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி இடுக்குகளை அடைக்கும். பிறகு எத்தனை மழை பெய்தாலும் அதைக் குழைக்க முடியாது. பீங்கானின் பெருமையே இந்தக் கரையாமைதான். பீங்கானைக் கழுவி வருடக்கணக்கில் புழங்குவதை விட்டு, 'மண்தானே' என்று குப்பையில் எறியச் சொல்லித்தருகிறது இந்த நம்பிக்கை.

ஆக, கரையாத பொருளுக்குப் பசுமைக் கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் குப்பை அல்ல, சூளை. நிலக்கரியோ டீசலோ எல்.பி.ஜி.யோ, எதை எரித்தாலும் பூமிக்கடியில் கிடந்த கார்பன்தான் புகைபோக்கி வழியே போகிறது. சாண எரிவாயுவுக்கு மாறிவிடலாமே என்பார்கள். அதில் பத்தில் நான்கு பங்கு வரை கரியமில வாயு. அது எரியாது, சூட்டைத்தான் தின்னும். அதைப் பிரித்தெடுத்தால்தான் செராமிக் சூளைக்கு வேண்டிய நிலையான சூடு கிடைக்கும். இன்னொரு வழி, ஃபெல்ட்ஸ்பார் போன்ற உருக்கிகளின் விகிதத்தை மாற்றிச் சுடும் வெப்பத்தையே இறக்குவது. இரண்டும் ஆய்வுக்கூட வேலை. செராமிக் படிப்புக்கென்றே அரசு நிறுவனம் இருக்கிற ஊர் விருத்தாசலம். இந்தக் கேள்விகளை அங்கே கேட்காமல் வேறெங்கே கேட்பது?

களிமண்ணை வைத்து உருப்படியாக ஒன்று நடந்திருக்கிறது, சிமெண்டில். சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரியில் சுட்டு, சிமெண்டின் அடிப்படையான கிளிங்கர் செய்தால், எரிபொருளின் புகை போதாதென்று கல்லும் தன் பங்குக்குக் கரியமில வாயுவைக் கக்கும். களிமண்ணை 800 டிகிரி அளவில் சுட்டால் அதிலிருந்து வருவது நீராவி மட்டுமே. அந்தச் சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்துக் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கலாம் என்று காட்டிய ஆய்வில் சென்னை ஐ.ஐ.டி.க்கும் பங்குண்டு. 2023இல் ஐ.எஸ். 18189 என்ற இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குத் தோண்டும்போது மேலே வருவதும் இதே வகை வெள்ளைக் களிமண்தான்.

இப்படி எழுதினால் சிறுதொழிலின் வயிற்றில் அடிப்பதாகக் கோபிப்பார்கள். உண்மையில் அடிப்பது அந்தப் பொய்தான். ஏற்கெனவே பசுமை என்று பட்டம் கட்டிவிட்ட பொருளுக்குப் புதுச் சூளை எதற்கு என்று வங்கியும் கேட்கும், அரசும் கேட்கும். கூடுதல் விலை கொடுக்க வாங்குகிறவரும் முன்வரமாட்டார். பழைய பர்னருக்கு டீசல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியது சூளைக்காரர்தான்.